முள்ளி மல்லியான கதை

கடலுக்கும் தேனிக்கும் என்ன சம்பந்தம்னு எல்லாரும் கேட்டாக. நான் இந்தத் தேனி ஊரு காலேஜ்ல விலங்கியல் வாத்தியாரு. லீவு விட்டா மண்டபம் கடக்கரைக்குப் போயி கடல் சேறு அள்ளிக்கிட்டு வருவேன், வீட்டுல உக்காந்து மைக்ராஸ்கோப்புல கண்ணைக் கெடுத்துக்குவேன். அந்தச் சேத்துக்குள்ள ஒரு பூச்சி. கசகசாவுல பாதிகூட இருக்காது, உடம்பெல்லாம் முள்ளு. அதுவரைக்கும் யாரும் பேரு வைக்காத பூச்சின்னு நிச்சயம் பண்றதுக்குள்ள எனக்குத் தலை நரைச்சுப்போச்சு.

அந்த வருசமெல்லாம் பிள்ளைகளப் பாத்தது, ரேஷன் கியூவுல நின்னது, படுத்துக் கெடந்த எங்கம்மாவுக்குக் கஞ்சி ஊத்துனது, எல்லாம் என் பொண்டாட்டிதான். வாயைத் திறந்தா குத்துவா. "மகளுக்கு மாப்பிள்ளை பாக்க நேரமில்ல, பூச்சிக்குப் பேரு வைக்க மட்டும் நேரமிருக்கு"ம்பா. அவளை நான் முள்ளின்னுதான் கூப்பிடுவேன். அந்தப் பேரையே பூச்சிக்கு வைக்கப்போறேன்னு ஒருநாள் சொன்னேன். கோவிச்சுக்குவான்னு பாத்தா, மொகம் மலர்ந்துருச்சு. அதுக்கப்புறம் வாரந்தவறாம "எம்பேரு வந்துருச்சா?"ன்னு கேப்பா. அவளுக்குன்னு நான் வேற எதுவும் செஞ்சதில்லங்கறது எனக்கே உறுத்தும்.

கட்டுரையை டைப் அடிக்க பஜார்ல ஒருத்தர்கிட்ட குடுத்தேன். பொழுதன்னிக்கும் மண்டிக்காரகளுக்கு மிளகா, ஏலம், மல்லின்னு கடுதாசி அடிக்கிற மனுசன். இங்கிலீஷ் எழுத்துல நான் எழுதியிருந்த முள்ளியப் பாத்துட்டு, வாத்தியாரு மல்லியத் தப்பா எழுதிட்டாருன்னு நெனைச்சு, ஒரு எடம் விடாம எழுத்தை மாத்திட்டாரு. நல்லதுதான் நெனைச்சாரு, பாவம். நானும் சரிபாத்தேன். அளவையும் முள்ளு வரிசையையுமே பாத்தேன். அதுக்குமேல கண்ணு ஓடல.

பத்திரிகையில அச்சாகி வந்தப்பதான் பூச்சிக்குப் பேரு மல்லின்னு ஆயிருச்சுன்னு தெரிஞ்சுச்சு. திருத்தச் சொல்லி பத்திரிகைக்காரகளுக்கு எழுதுனேன். பேருக்கு அர்த்தம் இன்னதுன்னு கட்டுரைக்குள்ளயே ஒரு வரி இருந்தா திருத்தலாம், இல்லாட்டி அச்சுல வந்ததுதான் பேருன்னுட்டாக. அந்த ஒரு வரியத்தான் நான் எழுதல. பொண்டாட்டியக் கூப்பிடுற பேருன்னு எப்படி எழுதுறது? வெக்கமா இருந்துச்சு. முள்ளுன்னு மட்டுமாச்சும் போட்டிருக்கலாம், அது தோணல.

நான் போயிச் சொன்னப்ப அவ அம்மியில குழம்புக்கு அரைச்சுக்கிட்டு இருந்தா. கை நின்னுச்சு. வழக்கம்போலக் குத்துவான்னு காத்திருந்தேன். குத்தியிருந்தாத் தேவலை.

"விடுங்க" அப்படின்னா. "காலமெல்லாம் இந்த வீட்டுல மல்லி அரைச்சவதானே நான். சரியாத்தான் பேரு வச்சிருக்காக."