மகளின் அறையில் ஒரு செக்கிங்

பத்து நாளைக்கு முன் என் கணவர் எங்கள் மகள் செல்வியின் அறையைச் சுத்தம் செய்தார். யாரும் சொல்லாமல், தானாகவே செய்தார். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

எட்டு வயதுப் பெண்ணுக்குத் தனி அறையா என்று கேட்பீர்கள். எங்கள் தெருவே கேட்டுவிட்டது. பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள் — மாடிப்படி ஏறியதும் ஒரு தடுப்பு, ஒரு ஜன்னல், ஒரு பாய், அவ்வளவுதான். மீதி இடமெல்லாம் செல்வியின் சொத்து. தீப்பெட்டிப் படங்கள், புளியங்கொட்டை, மூடி தொலைந்த பேனா, எந்த வீட்டுப் பூட்டுக்கோ சேர்ந்த சாவி, துணி துணியாக என்னென்னவோ...

என் கணவர் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவர். தைத்து வரும் பனியனை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தாலும் சாக்பீஸால் குறி போட்டுவிடுவார். நல்லது ஒரு பக்கம். குறை உள்ளது செகண்ட்ஸ். எதற்கும் ஆகாதது வேஸ்ட். நாள் முழுக்க இதையே பார்ப்பவருக்கு உலகமே மூன்று குவியலாகத் தெரிந்தால் ஆச்சரியமா? என் ரசத்தைக்கூடச் சில நாள் செகண்ட்ஸில் போட்டிருக்கிறார். வாயால் சொன்னதில்லை. முகம் சொல்லிவிடும்.

பரீட்சை லீவுக்குச் செல்வி சேவூரில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். மனிதர் சாக்குகளோடு மாடி ஏறினார்.

“ஏனுங்க, அவ வந்த பொறவு பண்ணலாமுங்களே?” என்றேன்.

“அவ வந்தா ஒண்ணையும் எடுக்க உடமாட்டா. நீ போய் வேலையப் பாரு.”

ஒரே மணி நேரம். ஒரு குழந்தை எட்டு வருஷமாகச் சேர்த்ததைத் தரம் பிரிக்க அவ்வளவு போதும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. பாடப்புத்தகமும் சீப்பும் தேறின. தீப்பெட்டிப் படங்கள் பெரிய மனதோடு செகண்ட்ஸில் சேர்க்கப்பட்டன. துணி என்று இருந்ததெல்லாம் வேஸ்ட் சாக்கில். மறுநாள் காலை வேஸ்ட்காரரின் மாட்டு வண்டி தெருவுக்கு வந்தது. மற்ற ஊர்களில் கந்தல் துணியைக் குப்பையில் போடுவார்கள். எங்கள் ஊரில் அதற்கும் வண்டி கட்டிக்கொண்டு ஆள் வருவார். இவரும் சாக்கைத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

சாயங்காலம் செல்வி வந்தாள். மாடிக்குப் போனாள். அதே வேகத்தில் இறங்கினாள்.

“அம்மா, மணியக் காணோம்மா.”

மணி அவளுடைய பொம்மை. பனியனுக்குக் கழுத்து வெட்டும்போது விழும் துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, உள்ளே பஞ்சு அடைத்தது. ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே. தலை எப்போதும் தோளில் சாய்ந்தே கிடக்கும்.

“அந்தக் கோணத்தலையா? ஒரு தையலாவது நேரா இருந்துதா கண்ணு? எவன் தச்சானோ...” என்றார் செக்கிங் நிபுணர்.

“நீங்கதானுங்கப்பா,” என்றாள் செல்வி.

மூன்று வருஷத்துக்கு முன் அவளுக்கு அம்மை போட்டிருந்தது. வெளியே விடாமல் படுக்கவைத்திருந்தோம். அழுதவளைச் சமாதானப்படுத்த, இவர்தான் பக்கத்தில் உட்கார்ந்து கையூசியால் தைத்துக் கொடுத்தார். அவர்தான் மறந்தார் என்றால், வீட்டில் இருந்த நானும் அல்லவா மறந்திருக்கிறேன்? எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“வேற தச்சுத் தர்றங் கண்ணு. நல்லா நேரா.”

“வேண்டாமுங்க.”

அழுதிருந்தால் சமாளித்திருக்கலாம். அழவில்லை.

மறுநாள் காலை மூவரும் வேஸ்ட்காரரின் கிடங்குக்குப் போனோம். கூரை முட்ட வெள்ளைத் துணி. “பொம்மைங்களா? இதுல எங்கீங்க தேடுவீங்க? மத்தியானம் லாரி வந்துரும், பாத்துக்குங்க,” என்றார் வேஸ்ட்காரர்.

இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பக்கத்தில் செல்வி. ஒவ்வொரு சாக்காக அவிழ்த்துக் கொட்டினார்கள். மனிதர் அவ்வளவு அக்கறையாகச் செக்கிங் பார்த்து நான் பார்த்ததில்லை. கம்பெனி முதலாளி பார்த்திருந்தால் கண் கலங்கியிருப்பார். லாரி வந்து நின்றது. இரண்டு சாக்கு ஏற்றியும் விட்டார்கள். மூன்றாவதாகத் தூக்கிய சாக்குக்குள், அடியில் மணி கிடைத்தாள். நெற்றியில் பெரிதாக ஒரு சாக்பீஸ் பெருக்கல் குறி. பழக்கதோஷம்.

துண்டால் துடைத்துப் பார்த்தார். முழுதாகப் போகவில்லை.

“தப்புத்தாங் கண்ணு,” என்றார். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. செல்வி பொம்மையை வாங்கிக்கொண்டாள்.

இந்த வாரம் பள்ளிக்கூடம் திறந்தது. செல்வியின் பை புடைத்துக்கொண்டிருக்கிறது. மணியும் தினமும் மூன்றாம் வகுப்புக்குப் போய் வருகிறாள்.

“அத ஊட்டுலயே வெச்சுட்டுப் போலாமில்ல கண்ணு?” என்று கேட்டேன்.

“வேண்டாம்மா. அப்பா சுத்தம் பண்ணிருவாங்க.”

பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் வெகுநேரம் பக்கம் திருப்பவில்லை.

அறை இப்போது பளிச்சென்று இருக்கிறது — என் மகள்தான் அதில் எதையும் வைப்பதில்லை.