கவாகோயே நிலையத்தில் விட்ட குடை

ஜான்-டலோன் மெட்ரோ வாசலில் மழைக்கு ஒதுங்கியவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. இலவசப் பத்திரிகையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆளாளுக்கு ஓடுகிறார்கள். இந்த இரண்டாயிரங்களிலும் மொன்ட்ரியாலில் இதற்கொரு நடைமுறை கிடையாது. ஓய்வு பெறும்வரை அரசாங்க அலுவலகத்தில் எல்லாவற்றுக்கும் நடைமுறை சொன்னவள் நான். மழைக்கான நடைமுறையை மட்டும் ஏழு வயதில் யப்பானில் கற்றேன்.

அப்பாவுக்குத் தோக்கியோவில் தொழிற்சாலைப் பயிற்சி. நாங்கள் குடியிருந்தது ரயிலில் ஒரு மணித்தியாலம் தள்ளி, கவாகோயே என்ற ஊரில். முற்காலத்தில் அந்த ஊர் தலைநகருக்குப் படகில் வத்தாளங்கிழங்கு அனுப்பியதாம். எங்கள் காலத்தில் ரயிலில் கணவன்மாரை அனுப்பியது. கிழங்கு திரும்பி வராது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பின்னேரம் மழை தொடங்கினால் மனைவிமார் குடைகளோடு நிலைய வாசலில் நிற்கவேண்டும். யாரும் எழுதிவைக்காத சட்டம். அதை மீறியவர் என் அம்மா மட்டும்தான். மொழி தெரியாத ஊரில் சேலையோடு வெளியே போக வெட்கப்பட்டு, வந்த நாள் முதல் அவர் வாசற்படி தாண்டவில்லை. அப்பா நனைந்து வருவார். அம்மா கதவுக்குள் துவாயோடு காத்திருப்பார்.

ஒரு மழைப் பின்னேரம் பக்கத்து வீட்டுப் பெண் கதவைத் தட்டி, "கஸா? கஸா?" என்றார்.

"காசோ? மாசக் கடைசியில வந்து கேக்கிறா, பிள்ளை!" என்றார் அம்மா என்னிடம்.

அந்தப் பெண் வானத்தைக் காட்டினார்.

"கடவுளை வேற சாட்சிக்குக் கூப்பிடுறா. பாவம், என்ன கஷ்டமோ."

அம்மா சில்லறைப் பேணியை நீட்டினார். அந்தப் பெண் அதை வாங்கி மெதுவாகத் தரையில் வைத்தார். "கஸா" என்று சொல்லி ஒரு கறுப்புக் குடையை அம்மாவின் கையில் திணித்து, மற்றக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். நானும் பின்னால் ஓடினேன். வாசற்படி தாண்டியது தெருவுக்கு வந்த பிறகுதான் அம்மாவுக்கே தெரிந்தது.

நிலையத்தில் வரிசையின் கடைசியில், குடையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். "கொப்பா வேற வழியால போயிட்டாரெண்டால்?" என்று என்னைக் கேட்டுக்கொண்டேயிருந்தார்.

ரயில் வந்தது. அம்மா தொப்பிகளுக்குள் தேடிக்கொண்டிருக்க, நான்தான் முதலில் கண்டேன். அப்பாவின் கையில் புத்தம்புதுக் குடை ஒன்று. அன்றுதான் வாங்கியிருக்க வேண்டும். அம்மாவைக் கண்டதும் அப்படியே நின்றார். பிறகு குடையை ஒரு வாங்குப் பலகையில் சாய்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

"நல்ல காலம் வந்தீர். தெப்பமா நனைஞ்சிருப்பன்."

"பின்னை? குடையில்லாமல் திரிஞ்சால்?" அம்மா அதட்டினார். பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார்.

"அப்பா, உங்கட குடை அங்க!" என்றேன்.

"அது வேற ஆற்றையோ குடை."

"அப்ப ஸ்டேசன் மாஸ்டரிட்டைக் குடுப்பம்."

"பேசாம வா, பிள்ளை."

ஒரே குடைக்குள் மூவரும் நடந்தோம். அப்பாவின் ஒரு தோள் முழுக்க நனைந்தது. அவரோ விசிலடித்துக்கொண்டு வந்தார். தவறவிட்ட பொருட்களுக்கென்று நிலையத்தில் தனி ஜன்னலே இருக்கும்போது, படித்த மனிதர் ஒருவர் நல்ல குடையை இப்படி விட்டுவிட்டு வரலாமா என்று வீடுவரை அவரை முறைத்துக்கொண்டே நடந்தேன்.