இன், டெம், னி, ஃபை

அன்றைக்கு வீட்டில் அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் இருந்தோம். இங்கிலீஷ் தாள் எது வந்தாலும் படித்துச் சொல்லும் எதிர்வீட்டு மாமா இல்லை; பெரம்பூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தாள் என் கைக்கு வந்தது.

கல்மண்டபம் பக்கத்துக் குடோன் ஒன்றுக்கு ஒரு வருஷம் லோடு அடிக்கிற ஒப்பந்தம் அது. அப்பாவிடம் இருப்பது ஒரே ஒரு சின்ன லோடு வண்டி. அதன் கடனுக்கும் இன்னும் டியூ முடியவில்லை. படித்துக்கொண்டே வந்தவன் ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். இன்டெம்னிஃபை.

"இன்னாடா போட்டுகீது?" என்றார் அப்பா.

"தெரில நைனா. இரு."

"இருன்னு சொல்லவா காலேஜுக்கு அனுப்புனோம்?" என்றாள் அம்மா.

போனில் அகராதியைத் திறந்து சொல்லைத் துண்டு துண்டாகப் பிரித்தேன். முன்னால் நிற்கும் 'இன்' என்றால் 'இல்லாமல்'. 'டெம்', நஷ்டம் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. டேமேஜும் அங்கிருந்து வந்ததுதான். கடைசி 'ஃபை' என்றால் ஆக்குவது. நஷ்டமே இல்லாமல் ஆக்குவது. யாருக்கு? குடோன்காரருக்கு. ஆக்க வேண்டியவர் அப்பா. சரக்கு எங்கே எப்படிக் கெட்டாலும் என்றிருந்தது அந்த வரி.

"அவங்க கூரை ஒழுகுனாலும் நான் துட்டு கட்டணுமா? வண்டியே பூடும்டா!"

"கையெழுத்து போடறது நீ. நீயே போய்க் கேளு" என்றாள் அம்மா.

மூட்டை தூக்கும்போது குரல் கொடுப்பதுபோல், தொடையைத் தட்டித் தட்டி அப்பா அந்தச் சொல்லைச் சொல்லிப் பழகினார். 'னி' வரும்போதெல்லாம் நாக்கு மாட்டியது. அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

மறுநாள் அப்பாவோடு நானும் குடோனுக்குப் போனேன். மேனேஜர் பேனாவை நீட்டினார். "எல்லாருக்கும் போடறதுதான். போடுப்பா."

அப்பா அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்தார். "இன், டெம், னி, ஃபை. என் வண்டில இருக்கசொல்ல கெட்டா நான் பொறுப்பு சார். உங்க குடோன்ல கெட்டா அது உங்களுது. அத்த எழுதிக் குடுங்க."

"யாருப்பா சொன்னது, வக்கீலா?"

"என் புள்ள."

மேனேஜர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு முதலாளிக்கு போன் போட்டார். பேசி முடித்ததும், "மாத்திடலாம். புதுப் பத்திரச் செலவு உங்களுது" என்றார்.

புதுத் தாளில் 'வண்டியில் இருக்கும்போது மட்டும்' என்ற பொருளில் ஒரு வரி ஏறியிருந்தது. இரண்டு தடவை படித்துத் தலையாட்டினேன். அப்பா கையெழுத்துப் போட்டார். அன்று மதியமே முதல் லோடு கிளம்பியது; நான் முன்சீட்டில். பத்திரம், டைப்பிங், ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆனது முந்நூற்று நாற்பது ரூபாய்.