டவர் ஃபுல், பேச்சு பாதி

வயரில்லாத இன்டர்நெட் பெட்டி மாட்டிக் கொடுப்பது என் தொழில். வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும்போது நீங்கள் வாய்க்கு வந்தபடி திட்டுகிறீர்களே, அந்த ஆள் நான்தான்.

எல்லாம் சரியாம்

கம்பைநல்லூர் பக்கம், மாதையன் என்ற விவசாயி வீடு. மறுநாள் காலை மகள் கவிதாவுக்கு வீடியோவில் வேலை இன்டர்வியூ. படம் உறைகிறது, குரல் அறுந்து அறுந்து வருகிறது. பெட்டியோ டவர் ஃபுல் என்று காட்டுகிறது! ஆபீசைக் கேட்டால் எல்லாம் சரியாம். அணைத்துப் போட்டேன், இடம் மாற்றினேன், ஜன்னலைத் திறந்தேன். எதற்கும் மசியவில்லை. கவிதா மெதுவாகச் சொன்னாள்: "போன தடவையும் இப்பிடித்தாங்க பாதியில கட்டாச்சு. அவங்க திரும்பக் கூப்பிடவே இல்லீங்க."

ஆளுக்கு ரெண்டு

அப்புறம்தான் பெட்டியின் பின்பக்கம் பார்த்தேன். நாலு ஆன்டெனா இருக்கவேண்டிய இடத்தில் ரெண்டுதான். டவரிலிருந்து நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுகிற மாதிரி சிக்னல் கலந்து வரும். பக்கத்து மலையில் மோதித் திரும்புவது வேறு. நாலு காதும் சேர்ந்து கேட்டால்தான் யார் பேச்சு எது என்று பெட்டி பிரிக்கும். ரெண்டு காதோடு அதுவும் என்னைப் போலவே திருதிருவென்று முழித்திருக்கிறது, பாவம்.

எலி இழுத்ததா, குழந்தை பிடுங்கியதா என்று கேட்டேன். மாதையன் நிதானமாகச் சொன்னார்: "தம்பிக்கும் எனக்கும் தை மாசம் பாகம் பிரிச்சமுங்க. பெட்டி பொதுவுல வாங்குனது. பெட்டி எனக்கு, ஆன்டெனா ஆளுக்கு ரெண்டு. ஊருப் பெரியவங்கள வெச்சுத்தான் பிரிச்சோம்."

அடுத்த வூடு

நடுவில் புதுச் சுவர். அண்ணன் தம்பி பேச்சு வார்த்தை இல்லை. சுற்றிக்கொண்டு போனேன். தம்பி சின்னசாமி வீட்டில் டிவி பக்கத்து ஜாடியில், பிளாஸ்டிக் பூக்களோடு அந்த ரெண்டு ஆன்டெனாவும் நின்றன. இங்கே எதற்கு என்று கேட்டேன். "என் பங்குங்க" என்றார். இதற்கு என்ன பதில் சொல்வதென்று எங்கள் டிரெயினிங்கில் யாரும் சொல்லித்தரவில்லை.

கவிதாவின் இன்டர்வியூவைச் சொன்னேன். எழுந்தார். வெளியே போ என்று சொல்லத்தான் போகிறாரென்று நினைத்தேன். ரெண்டையும் உருவி, வேட்டியில் துடைத்து, என் கையில் வைத்தார். "அண்ணனுக்குக் குடுக்கலீங்க, புள்ளைக்குத்தான் குடுக்கறேன். நாளைக்கு அவ பேசறது செவுத்துக்கு இந்தப் பக்கம் கேக்குமான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

திரும்பி வந்து பெட்டியில் திருகியதுமே படம் பளிச்சென்று வந்துவிட்டது. அந்த அண்ணன் தம்பிக்கு நடுவே டவர் இருக்கிறதா இல்லையா என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.