பூட்டிக்கொண்ட போனும் ஞாயிற்றுக்கிழமை மீனும்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. முடிச்சூரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் புளியைக் கரைத்து, சின்ன வெங்காயம் உரித்து வைத்துவிட்டு மீனுக்காகக் காத்திருந்தேன். மீன் வரவில்லை. மீன் வாங்கப் போன என் கணவர் வண்டியிலிருந்து விழுந்துவிட்டார் என்று போன்தான் வந்தது.

இந்த மீன் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். தாம்பரம் மார்க்கெட்டில் கிடைக்காத மீனா? ஆனால் என் கணவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் வண்டலூர், கேளம்பாக்கம் எல்லாம் தாண்டி கடற்கரை வரைக்கும் ஸ்கூட்டரில் போயாக வேண்டும். கேட்டால், "தெரிஞ்சவர்கிட்ட வாங்கறேன், ஃப்ரெஷ்ஷா இருக்கும்" என்பார். பெட்ரோலுக்குக் கொடுப்பதில் இன்னொரு கிலோ மீன் வாங்கலாமே என்று வாராவாரம் நான் கத்துவேன். அவர் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. நானும் கத்துவதைக் கத்திவிட்டு, குழம்பை ரசித்துச் சாப்பிடுவேன்.

அன்றைக்கு வண்டலூர் தாண்டியதும் நாய் குறுக்கே வந்திருக்கிறது. ஹெல்மெட் போட்டிருந்தார். யாரோ புண்ணியவான்கள் தூக்கி, தாம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். என் எண்ணை அவர்களிடம் சொன்னதே இவர்தான், அதனால் பெரிதாக ஒன்றும் இருக்காது என்று நினைத்துக்கொண்டு போனேன். பீர்க்கன்கரணையில் இருக்கும் என் கொழுந்தனாரும் பைக்கில் வந்து சேர்ந்தார். நாங்கள் போவதற்குள் இவர் இரண்டு தடவை வாந்தி எடுத்து, நினைவு தப்பியிருந்தார்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். என் மகள் வயதுதான் இருக்கும். நிதானமாகப் பேசினார்.

"தலைக்குள்ள ரத்தம் கசியுதும்மா. ஆபரேஷன் பண்ணணும். ரத்தம் உறையாம இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடறாரா?"

சாப்பிடுகிறார். இதயத் துடிப்பு சீராக இல்லை என்று சில வருடங்களாகவே சாப்பிடுகிறார். பழைய மாத்திரையின் பெயர் எனக்கு மனப்பாடம். ஆனால் போன வாரம்தான் இதய டாக்டர் அதை மாற்றியிருந்தார். போனிலேயே பேசி, மருந்துச் சீட்டை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார். இவர் வேலைக்குப் போன இடத்தில் எங்கேயோ வாங்கிக்கொண்டு வந்தார். எந்தக் கடை என்று எனக்குத் தெரியாது.

டாக்டர் சொன்னது இதுதான். இந்த மாத்திரைகளில் பல வகை இருக்கிறது. எது என்று தெரிந்தால் அதற்கேற்ற மாற்று மருந்தை ஏற்றிவிட்டு உடனே ஆபரேஷன் செய்யலாம். தெரியாமல் கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது, வைக்காமல் காத்திருந்தாலும் ஆபத்து. சீக்கிரம் கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்றார்.

இதய டாக்டரின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அவருடைய கிளினிக்கும் ஞாயிறு விடுமுறை. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சாவி இருந்தது. அவளை உள்ளே போய் மாத்திரை டப்பாவைப் பார்த்து போட்டோ அனுப்பச் சொன்னேன். என் கணவருக்கு ஒரு பழக்கம். மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டி, கிழமைவாரியாக டப்பாவில் போட்டு, மிச்சத்தைக் குப்பையில் எறிந்துவிடுவார். அவ்வளவு ஒழுங்கு! போட்டோவில் வெள்ளித் தாளும் அரை எழுத்தும்தான் தெரிந்தன. எனக்கு வந்த கோபத்துக்கு, மனுஷன் மட்டும் கண் விழித்திருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்.

ஆக, அந்தப் பெயர் இருந்த ஒரே இடம் அவருடைய போன். கைக்கடிகாரத்தோடு ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு நர்ஸ் கொடுத்தார். மூலையில் விரிசல், விழுந்த வேகத்தில் அணைந்து போயிருந்தது. அமுக்கியதும் உயிர் வந்தது. எனக்கும் கொஞ்சம் உயிர் வந்தது. நர்ஸிடம் கெஞ்சி உள்ளே போய், அவருடைய கட்டைவிரலை எடுத்து அதன் மேல் வைத்தேன். ஒரு தடவை அணைந்துவிட்டதால் இனி ரேகை செல்லாது, நான்கு இலக்க எண்ணைப் போடு என்று பிடிவாதம் பிடித்தது போன். இருபத்தைந்து வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு அந்த எண் தெரியவில்லை.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து ஆரம்பித்தோம். முதலில் அவருடைய பிறந்த தேதி. இல்லை.

"அண்ணி, அது ஒரிஜினல் பர்த்டே. ஸ்கூல் பர்த்டே போடுங்க" என்றார் கொழுந்தனார்.

எங்கள் பக்கத்தில் பலருக்கும் இரண்டு பிறந்தநாள் உண்டே. பிறந்தது ஒரு நாள், பள்ளியில் சேர்ப்பதற்காகத் தலைமையாசிரியர் எழுதிக்கொண்டது இன்னொரு நாள். அதையும் போட்டோம். இல்லை. கல்யாண நாள், இல்லை. மகளைக் கூப்பிட்டேன். அவள் பெங்களூரிலிருந்து பஸ் ஏறுவதற்கு ஓடிக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டே, "என் பர்த்டேதான்மா வச்சிருப்பார். அப்பா வேற எதை வைப்பார்?" என்றாள். அதுவும் இல்லை என்றதும் இரண்டு பேருக்குமே சுருக்கென்றது.

ஒவ்வொரு தவறுக்கும் போன் எங்களைக் காக்க வைத்தது. முதலில் அரை நிமிடம், அப்புறம் நிமிடங்கள். பதற்றத்தில் கொழுந்தனார், நான் ஏற்கெனவே போட்டுப் பார்த்த எண்ணையே மறுபடியும் போட்டுத் தொலைத்தார். அவரைத் திட்டினேன். அவர் என்ன செய்வார் பாவம், அண்ணன் உள்ளே கிடக்கும்போது யாருக்குத்தான் புத்தி வேலை செய்யும்? மருத்துவமனைக்கு எதிரே ஒரு மொபைல் ரிப்பேர் கடை திறந்திருந்தது. போனை எடுத்துக்கொண்டு ஓடினேன். கடைக்காரர் வாங்கிப் பார்த்தார்.

"தொறந்து குடுத்துடலாம்கா. ஆனா உள்ள கீறது அல்லாம் அழிஞ்சிடும். தப்பு நம்பர் மட்டும் இனிமே போடாதீங்கோ, டைம் ஏறிக்கினே போவும்" என்றார். காசு எதுவும் வேண்டாம் என்று சொல்லி, நான் உட்கார ஒரு ஸ்டூலையும் இழுத்துப் போட்டார். அவருக்கும் என்னைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

நான் உட்காரவில்லை. பெஞ்சுக்கே திரும்பி வந்தேன். இன்னும் கால் மணி நேரம் காத்திரு என்று திரை காட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகும் போடுவதற்கு என்னிடம் எந்த எண்ணும் இல்லை. டாக்டர் இரண்டு முறை வெளியே வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே போனார். வாய்விட்டு அழ ஆரம்பித்துவிட்டேன்.

அப்போதுதான் கையிலிருந்த அந்தப் போன் அடித்தது. பூட்டியிருந்தாலும் அழைப்பு வரும் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. பூட்டைத் திறக்காததால் பெயர் வரவில்லை, வெறும் எண். இதய டாக்டராக இருக்கும் என்று பாய்ந்து எடுத்தேன்.

"சார், இன்னா சார் இன்னும் வர்ல? வஞ்சிரம் எட்த்து வச்சிகினு காலைலேந்து பாத்துகினு கீறேன்."

மீன்காரர். எனக்கு வந்த ஆத்திரத்தில் வைத்துவிடத்தான் போனேன். ஆனால் வாய் என்னை மீறி எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. விழுந்தது, நினைவில்லாதது, மாத்திரை, திறக்காத போன், எல்லாம். அவர் குரல் மாறி, "அக்கா, நீங்க சார் சம்சாரமா? நான்தான்கா, போட்டுக்காரன். வெள்ளத்தப்போ முடிச்சூருக்கு போட்டு எட்த்துகினு வந்தமே. நீங்ககூட பாப்பாவ கட்டிப் புட்ச்சிகினு குந்தினு இருந்தீங்களே" என்றார்.

இங்கே அந்த வெள்ளத்தைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. நான் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. முடிச்சூர் மூழ்கிய அந்த டிசம்பரில் எங்கள் வீட்டின் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர் புகுந்துவிட்டது. மகளோடு மொட்டை மாடியில் நின்றோம். கடலோரக் குப்பத்திலிருந்து மீனவர்கள் தங்கள் ஃபைபர் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே வந்து எங்களை இறக்கிக் கூட்டிப்போனார்கள். அதன் பிறகு பல மாதங்கள் மழைச் சத்தம் கேட்டாலே எனக்கு உடம்பு நடுங்கும். அந்த நாளைப் பற்றி இந்த வீட்டில் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று கணவரிடம் சொல்லிவிட்டேன். அவரும் பேசவில்லை. அவருடைய "தெரிஞ்சவர்" யார் என்று எனக்குத் தெரியாமல் போனது அதனால்தான்.

"அக்கா, அழாதீங்க. சார் போன் நம்பர் என் போட்டு நம்பர்க்கா."

எனக்குப் புரியவில்லை.

"போட்டு மேல கவருமெண்டு நம்பர் எழுதினு இருக்கும்ல, அதுல கடசி நாலு. வாராவாரம் எனுக்கு துட்டு அனுப்சொல்லோ சிரிப்பாரு, உன் போட்டத் தள்னாதான்யா என் போனு தொறக்கும்னு. அந்த போட்டே இப்ப இல்லக்கா, புயல்ல ஒட்ஞ்சி பூட்ச்சி. அந்த நம்பரு சார் போன்லதான் கீது."

எண்ணைச் சொன்னார். கொழுந்தனாரின் பேனாவைப் பிடுங்கி உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். கொழுந்தனாருக்குத் தயக்கம். "அண்ணி, யாரோ சொல்றாரு... தப்பா இருந்தா அடுத்தது எவ்ளோ நேரம் லாக் ஆகும்னு தெரியாது" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அந்த மனிதர் என் கணவரைப் பற்றிப் பேசிய விதம் எனக்குப் போதுமாக இருந்தது. திரையில் நிமிடங்கள் குறைவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வேர்வையில் உள்ளங்கை எழுத்து கலைந்துவிடுமோ என்று வேறு பயம். நேரம் முடிந்ததும் நான்கு எண்களையும் அழுத்தினேன்.

திறந்துவிட்டது. திரை முழுக்க என் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மருந்துச் சீட்டைத் தேடி எடுத்ததும், டாக்டரிடம் ஓடியதும், அவர் அதைப் படித்துவிட்டு என் தோளைத் தட்டியதும் கனவு மாதிரி நினைவிருக்கிறது. மாற்று மருந்து ஏற்றி, மாலைக்குள் ஆபரேஷன் முடிந்தது. பிழைத்துவிட்டார்.

அன்று மாலையே அந்தப் படகுக்காரர் மனைவியோடு பஸ் பிடித்து வந்தார். யார் நீங்கள் என்று வாசலில் வாட்ச்மேன் தடுத்தபோது, "எங்க வீட்டு ஆளுங்க" என்று நான்தான் போய் அழைத்து வந்தேன். முகம் எனக்கு ஞாபகமே இல்லை. கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் கூச்சப்பட்டு, "சாருக்கு நல்லாய்டும்கா. வந்து வஞ்சிரம் துண்ணுவாரு பாருங்க" என்றார். அவருடைய மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸில் வந்த என் மகள் சேரும்வரை அந்தக் கையை விடவில்லை.

வீட்டுக்கு வந்து, தலையில் முடி முளைக்க ஆரம்பித்த பிறகு ஒரு நாள் கணவரிடம் கேட்டேன். நானும்தானே அந்தப் படகில் வந்தேன், எனக்கு ஏன் அந்த எண் தெரியவில்லை? நானாக அந்த நாளைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நீ உள்ள உக்காந்திருந்த. நம்பர் வெளிப்பக்கம்தானே எழுதியிருக்கும்" என்றார்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. படகில் இடம் போதவில்லை. பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிவிட்டு, ஆண்கள் கழுத்தளவுத் தண்ணீரில் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே வந்தார்கள். அவர் பிடித்திருந்த இடத்தில், கண்ணுக்கு நேராக அந்த எண் இருந்திருக்கிறது. "எப்ப கை நழுவும்னு தெரியல. அந்த நம்பரைப் படிச்சுக்கிட்டே வந்தேன், உங்க ரெண்டு பேரையும் பார்த்தா பயம் வந்துடும்னு" என்றார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் வாங்க இரண்டு பேரும் சேர்ந்தே போகிறோம். பெட்ரோலைப் பற்றி நான் வாயே திறப்பதில்லை. என் போனுக்கும் அதே எண்ணைத்தான் வைத்திருக்கிறேன். அது என்னவென்று மட்டும் இங்கே எழுதமாட்டேன்! ஒரு நாளைக்கு எத்தனையோ முறை பால்காரருக்கு, கேஸுக்கு, மகளுக்கு என்று அந்த நான்கு எண்களைத் தட்டுகிறேன். ஒவ்வொரு முறையும் அந்தப் படகின் வெளிப்பக்கத்தைப் பிடித்தபடி தண்ணீரில் நடந்து வந்தவரை, அன்றைக்கு உள்ளே உட்கார்ந்து நான் பார்க்காமல் விட்டவரை, இன்னொரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.