மூன்று தலை மணப்பெண்

1

"மகளின்ர முகமும் தெரியோணும், பின்னால பீடத்தில இருக்கிற மாதாவும் தெரியோணும். ரெண்டும் ஒரே படத்தில வேணும் பிள்ளை" என்றார் அந்த அம்மா தொலைபேசியில்.

அவர் யாழ்ப்பாணத்தில் இருந்தார். மகள் ஜெனிற்றாவுக்குக் கொழும்பில், கொட்டாஞ்சேனை மாதா கோயிலில் கல்யாணம். யுத்தத்தால் பாதை பூட்டிக் கிடந்தது, கப்பலிலும் இடமில்லை. தான் கல்யாணம் கட்டிய அதே கோயிலில் மகளும் கட்டுவதை அவர் பார்க்கப்போவது என் படத்தில்தான்.

நான் அப்போது வெள்ளவத்தையில் ஒரு ஸ்ரூடியோவில் படம்பிடிப்பவள். "ஓம் அம்மா, ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ" என்றேன். எச்.டி.ஆர். என்ற வித்தையைப் புதிதாகப் பழகியிருந்தேன். எதைக் கண்டாலும் கை துறுதுறுக்கும்.

கோயில் வாசற்படியில் சுள்ளென்று வெயில், உள்ளே பீடம் இருட்டு. மாதா தெரிய எடுத்தால் வெள்ளைச் சேலை வெளிறிவிடும். சேலைக்கு ஏற்றபடி எடுத்தால் மாதா இருட்டில் போய்விடுவார். அதற்குத்தான் எச்.டி.ஆர். கமராவை ட்ரைபொட்டில் பூட்டி, வெளிச்சம் கூட்டி ஒன்று, நடுத்தரமாக ஒன்று, குறைத்து ஒன்று என மூன்று படம் எடுத்து, கொம்பியூட்டரில் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். ஒரே நிபந்தனை, யாரும் அசையக்கூடாது.

2

பூசை முடிந்து சோடி வாசற்படிக்கு வந்தது. தாயை நினைத்து ஜெனிற்றாவின் முகம் இறுகிக் கிடந்தது. மாப்பிள்ளை உள்ளூர்க்காரர், பாவம், வியர்த்து வழிந்துகொண்டு நின்றார்.

"ரெண்டு பேரும் அசையாதேங்கோ. ரெடி!" என்றேன்.

அந்த "ரெடி"யை, பெண்ணுக்குப் பக்கத்தில் நின்ற அவளின் மாமா தனக்கென்று எடுத்துக்கொண்டார். வெடி கொளுத்தப் பொலிஸ் அனுமதிக்காத காலம். வெடிச் சத்தம் இல்லாத கல்யாணம் என்ன கல்யாணம் என்று, மனுசன் பலூன்களை ஊதி, ஊசியோடு காத்து நின்றிருக்கிறார். குத்தினார். படபடவென்று வெடித்தது.

வாசலில் நின்ற அத்தனை பேரும் குனிந்து விழுந்தார்கள். என் விரல் மட்டும் பழக்கதோஷத்தில் மூன்று முறை அழுத்திவிட்டது.

சந்தியில் நின்ற ஆமிக்காரர் துவக்கோடு ஓடி வந்தார். "மொகத சத்தே?" என்ன சத்தமென்று சிங்களத்தில் அதட்டினார்.

"பெலூன் மஹத்தயா, பெலூன்!" மாமா ஊசியைத் தூக்கிக் காட்டினார்.

ஆமிக்காரருக்கே சிரிப்பு வந்தது. ஆனாலும் எல்லோரையும் உடனே வாகனத்தில் ஏறச் சொல்லிவிட்டார். மறுபடி எடுக்க வழியில்லை.

3

ஸ்ரூடியோவில் மூன்று படங்களையும் சேர்த்தேன். ஜெனிற்றாவுக்கு மூன்று தலை, எண்ண முடியாத கைகள். முதலாளி அண்ணை எட்டிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, வேதக்காரற்ர கல்யாணத்துக்கு இராவணனையும் கூட்டிக்கொண்டு வந்திட்டீர்? நடுப் படத்தை மட்டும் குடுத்துவிடும்."

"அதில மாதா தெரியேல்லை அண்ணை."

அழுகைதான் வந்தது. அந்த அம்மாவுக்கு என்ன சொல்வேன்? சும்மா ஒவ்வொரு படமாகத் திறந்தேன். வெளிச்சம் கூட்டிய படத்தில் எல்லோரும் குனிந்திருந்தார்கள். அதனால் பீடம் மறைப்பில்லாமல், மாதா முழுசாக நின்றார்! வெளிச்சம் குறைத்ததில் ஜெனிற்றா நிமிர்ந்து நின்று, மாப்பிள்ளையின் கொலரை ஒரு கையால் பிடித்தபடி, வாய்விட்டுச் சிரிக்கிறாள். சேலையில் நூல் நூலாகத் தெரிகிறது.

"அண்ணை! பொம்பிளை மாப்பிள்ளை ஒரு படத்தில இருந்து, மாதா மற்றதில இருந்து!"

மூன்றையும் சேர்த்ததுதான் பிழை. மாதா படத்தின் மேல் ஜெனிற்றா படத்தை லேயராக வைத்து, பீடம் இருந்த இருட்டை மட்டும் அழித்துக்கொண்டு போனேன். ட்ரைபொட்டில் எடுத்ததால் தூண்கள் அச்சொட்டாகப் பொருந்தின. மாதா வெளியே வர வர, நான் கதிரையை விட்டு எழும்பித் துள்ளினேன். அண்ணையே "சோக்காக் கிடக்கு!" என்றார். அன்றைக்கே ஈமெயிலில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினோம்.

அடுத்த நாள் அந்த அம்மா தொலைபேசி எடுத்தார். "மாதாவும் வடிவு, மகளும் வடிவு. அவள் ஏன் மாப்பிள்ளையின்ர கொலரைப் பிடிச்சிருக்கிறாள்?"

பலூன் கதையைச் சொன்னேன். சிரித்தார்.

"சத்தம் கேட்டால் பக்கத்தில நிக்கிற எங்கட ஆளையும் இழுத்துக்கொண்டு விழோணுமெண்டு சின்னனில நான்தான் பழக்கினனான். மாமாவை விட்டிட்டு அவரைத்தான் இழுத்திருக்கிறாள், என்ன? அப்ப எனக்கு இனிப் பயமில்லைப் பிள்ளை."

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தூணையும் பீடத்தையும் எந்தப் படத்திலிருந்தும் எடுத்துச் சேருங்கள். ஆட்களை ஒரே கணத்திலிருந்து மட்டும் எடுங்கள். "அசையாதேங்கோ" என்று நான் அதன்பிறகு எந்த மணப்பெண்ணிடமும் சொன்னதில்லை.