ரேகை இல்லாத மாப்பிள்ளை

குலசேகரத்துக்கு மேற்கே ரப்பர்த் தோட்டத்து ஓரம் வீடுள்ள எபிசனுக்குத் தன் விரல்கள் மேல் அபார நம்பிக்கை. ரேஷன் கடை மெஷின் நாலு வருடமாக அவன் பெருவிரலை ஏற்றுக்கொண்டதே இல்லை. கடையில் இருக்கும் சுபிதா துடைத்துத் துடைத்து வைக்கச் சொல்லிச் சலித்துப்போய், "ஒனக்கு ரேகையே இல்ல அண்ணா, அம்மைய வரச் சொல்லு" என்பாள். விடியலில் ரப்பர் மரத்தில் பால் வெட்டி, அதை ஷீட்டாக உறைய வைக்க ஆசிட் கலக்கி, விரல்நுனியெல்லாம் தேய்ந்து வழவழத்துக் கிடந்தது. வேறு யாராக இருந்தாலும் வருத்தப்பட்டிருப்பான். இவன் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டான்.

காரணம் இருந்தது. ஐந்து வருடத்துக்கு முன் கல்ஃப் நாடொன்றில், வேலைக்கு எடுத்த ஸ்பான்சருக்குத் தெரியாமல் வேறிடத்தில் வேலை பார்த்து மாட்டியவன் அவன். இருபத்திரண்டு நாள் உள்ளே வைத்து, பத்து விரல் ரேகையையும் பதிவெடுத்து, இனி இந்த மண்ணை மிதிக்கக்கூடாது என்று விமானம் ஏற்றிவிட்டார்கள். இப்போது அவனுக்குப் பேசி முடித்திருக்கும் ரெனிஷா அதே நாட்டில் நர்ஸ். அவளுக்கு லீவு இல்லை. அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவ சபையிலேயே கல்யாணம் என்று முடிவாயிற்று. கம்பெனியைப் பூட்டியதால் ஊருக்கு வந்தேன் என்று அவளிடம் சொல்லியிருந்தான். பொய் சின்னதாக இருக்கும்போதே திருத்தியிருக்கலாம். மனுஷன் எங்கே திருத்துகிறான்.

பழைய பாஸ்போர்ட் தொலைந்ததாக எழுதிக் கொடுத்துப் புதுசு வாங்கினான். களியக்காவிளை ஏஜென்ட் முருகதாஸ் அதில் விசா எடுத்துத் தந்தார்.

"பேப்பர நான் பாத்துக்கிடுவேன். அங்க ஏர்போர்ட்டுல வெரல் வைக்கச் சொல்லுவான். அது ஒனக்க பாடு."

"எனக்க வெரல எந்த மெஷினும் எடுக்காது அண்ணாச்சி."

முருகதாஸ் ஃபைலை மூடினார்.

பயணத்துக்கு ஏழு வாரம் இருந்தது. ஊர்ச் சபையில் கல்யாண அறிவிப்பாக முதல் ஓலை வாசித்த ஞாயிறு, இந்தத் திருமணத்துக்குத் தடை சொல்ல யாருக்காவது காரணம் உண்டா என்று போதகர் கேட்டு நிறுத்தினார். எபிசன் ஓரக்கண்ணால் பின்னால் பார்த்தான். பின்வரிசையில் யாரோ இருமினார்கள், அவ்வளவுதான். அன்று மத்தியானமே அம்மா சத்தியபாய் அவனுடைய பால் வெட்டும் கத்தியை எடுத்து ஒளித்துவிட்டாள்.

"ஓலை வாசிச்ச மாப்பிள மரத்துக்குப் போவாண்டாம். போதகரு அந்தப் பிள்ளைக்க கைய இந்தக் கையிலயா பிடிச்சுக் குடுப்பாரு? மரத்தொலி மாதிரி இருக்கு மக்கா."

காலையும் மாலையும் தேங்காயெண்ணெயைச் சூடாக்கித் தேய்த்தாள். முதலில் கையை இழுத்துக்கொண்டான். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? கல்ஃபில் விரல் பதிவெடுத்து அனுப்பிய சங்கதி அவளுக்கும் தெரியாது. இத்தனை வருடத் தேய்மானம் எண்ணெய்க்கா அசையும் என்று தன்னையே தேற்றிக்கொண்டான். அதோடு, சின்ன வயதுக்குப் பிறகு அம்மா தன் கையைப் பிடித்ததே இல்லை என்பது ஞாபகம் வந்தது. அதன்பின் அவள் இஷ்டத்துக்கு விட்டுவிட்டான்.

புறப்படுவதற்கு முந்தின நாள், அரிசி வாங்கும் சாக்கில் ரேஷன் கடைக்குப் போனான். மெஷின் ஒருதடவை முடியாது என்று சொல்லிவிட்டால் நிம்மதியாக விமானம் ஏறலாம். பெருவிரலை வைத்தான். உடனே பச்சை விளக்கு எரிந்தது.

"கொள்ளாமே அண்ணா. கல்யாணக் களை கையிலயும் வந்தாச்சு," என்றாள் சுபிதா.

"இன்னொருக்க வச்சுப் பாக்கட்டா?"

"எதுக்கு? அதான் எடுத்தாச்சுல்லா."

வீட்டுக்கு வந்ததும் ஷீட் அடிக்கும் கொட்டகையில் ஆசிட் கேனைத் தேடினான். அம்மா அதைப் பக்கத்துத் தோட்டத்துக்குக் கொடுத்திருந்தாள். கேன் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று நினைத்தபோது அவனுக்கே பயமாக இருந்தது. ரெனிஷாவைக் கூப்பிட்டான்.

"ஒரு காரியம் சொல்லணும்."

"நேர்ல வந்து சொல்லுங்க. கேக்குக்காரன் நிக்கான். நாளைக்கு ஏர்போர்ட்டுல வெளிய நிப்பேன், மஞ்ச சுடிதாரு, கேட்டியளா?"

அவள் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க அவனுக்கு வாய் வரவில்லை.

மறுநாள் அந்த நாட்டு விமான நிலையத்தில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி நாலு விரலையும் வைக்கச் சொன்னார். தேங்காயெண்ணெய் மணம் இன்னும் போகாத விரல்களை எபிசன் வரிசையாக வைத்தான். மெஷின் ஒரே தடவையில் எடுத்துக்கொண்டது. அதிகாரி திரையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். பாஸ்போர்ட்டை மூடித் தன் பக்கம் வைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

அவன் சட்டைப் பையில் செல்போன் அதிர்ந்தது. ரெனிஷா அனுப்பியிருந்தாள்: "எறங்கியாச்சா? நான் முன்னாலயே நிக்கேன்."